ஒரு கயிறு தூரம்

கடலும் கரையும் இன்னும் எல்லை பேசி முடிக்காத அந்தக் காலத்தில், மணலில் கிடக்கும் சிப்பிக்குக்கூட வாய் இருந்தது, பேச்சும் இருந்தது. நண்டுக்கு அப்போது நேர்நடைதான். முன்னால் போகும், பின்னால் வரும், மனசு வந்தால் குறுக்கேயும் போகும். கண்கள் முகத்தோடு ஒட்டித்தான் இருந்தன, இப்போது போல இரண்டு குச்சிமேல் ஏறி நின்று கடலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உள்ளான் குருவியும் நிதானமான ஆள். இரை கிடைத்த இடத்தில் நின்று கொத்தித் தின்னும். அலை வந்தால் ஓடி வருவதும் அலை போனால் பின்னாலேயே துரத்திப் போவதுமான இந்தப் பைத்தியக்கார வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. ஆமை தினமும் கரையேறி மணலில் படுத்துத் தூங்கியது. கடலுக்குள் போய்க் குடியிருக்க வேண்டும் என்ற நினைப்பே அதற்கு இல்லை.

எல்லாம் ஒரே காலையில் மாறிப்போயிற்று. ஒரு சொல் மாற்றியது. அந்தச் சொல்லைச் சொன்னவன் பெயர் கடுக்கன்.

கடுக்கன் ஒரு நண்டு. தெற்கே ஒரு காயல் இருந்தது. மூன்று பக்கம் கரை, ஒரு பக்கம் கடலோடு சேரும் வாய். அந்த வாய்க்கு நேர் எதிர்க் கரையில் அவன் வளை. அவனுடைய இடதுகைப் பக்கம் ஒரு மணல்திட்டு, கரையில் தொடங்கிக் கடலைப் பார்த்து நேராக நீண்டு கிடந்தது. காயலின் நடுத் தண்ணீரில் ஒரு கம்பம் நின்றது. எப்போதோ யாரோ தோணி கட்டுவதற்கு நட்டது. தோணியும் போயிற்று, நட்டவர்களும் போய்விட்டார்கள், கம்பம் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

நண்டுகளுக்குள் ஒரு வளைக்கு ஒரு ஆள் என்பது சட்டம். பக்கத்து வளைக்காரன் வெளியே தலை நீட்டினால் இவன் கொடுக்கைத் தூக்கிக் காட்டுவான். அவனும் பதிலுக்குத் தூக்குவான். வணக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டே வராதே என்று அர்த்தம். பிறந்த நாளிலிருந்து கடுக்கனிடம் ஒருவரும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. மழை பெய்தால் உன் வளை தாங்குமா என்று விசாரித்ததில்லை. அவனும் யாரையும் கேட்டவன் இல்லை. அப்படித்தான் எல்லாரும் இருக்கிறார்கள், அதுதான் வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ஓட்டாயி என்ற ஆமை அந்தக் கரைக்கு வந்த பிறகுதான் அந்த நினைப்பில் விரிசல் விழுந்தது. வயதில் மூத்தவள், பெரிய உடம்பு, வாயும் கொஞ்சம் பெரிசு. விடிந்ததும் காயலில் இறங்கப் போகிற வழியில் அவன் வளைவாசலில் தன் துடுப்புக் காலால் தட்டுவாள்.

"ஏல கடுக்கா, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

அவ்வளவுதான். அவள் போய்விடுவாள். பல நாள் அன்றைய முழுப் பேச்சும் அதுதான். ஆனால் கடுக்கன் அந்தத் தட்டலுக்காக விடியுமுன்னே எழுந்து வளைவாசலுக்கு உள்ளேயே காத்துக் கிடப்பான். தட்டியதும் உடனே பதில் சொல்லமாட்டான். அப்போதுதான் தூங்கி எழுந்தவன் போலக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுவான். கௌரவம் போய்விடுமாம்! ஒரு நாள் மழைக்கு அவள் வராமல் இருந்துவிட்டாள். அன்றைக்கு முழுதும் நம் கடுக்கன் துரை இரையெடுக்கவில்லை.

மணல்திட்டில் இன்னொருவன் இருந்தான். நொடியன் என்ற உள்ளான் குருவி. வடக்கே எங்கிருந்தோ கூட்டமாகப் பறந்து வந்தவன். ஒரு சிறகு மடங்கிப் போனதால் கூட்டம் இவனை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. இவனும் கடுக்கனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எப்படிப் பேசுவது? உள்ளானுக்கு நீள அலகு. கடுக்கனுடைய சித்தப்பன் பிள்ளைகள் இரண்டு பேர் அப்படியொரு அலகுக்குள் போனதாகக் கேள்வி. இந்த அலகுதானா, வேறு அலகா என்று அவன் விசாரிக்கப் போகவில்லை. நொடியன் கரைப்பக்கம் தலைகாட்டினால் இவன் வளைக்குள் இருப்பான்.

ஒரு நாள் விடிகாலை. கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டாயி வழக்கம்போல் தட்டிவிட்டுப் போய்க் கம்பத்தைச் சுற்றி முளைத்திருந்த பாசியை மேய்ந்தாள். கம்பத்தில் ஒரு பழைய தோணிக் கயிறு கிடந்தது. அதன் ஒரு நுனியில் இரும்பு வளையம், கம்பத்தில் மாட்டி வழுக்கிக்கொண்டு சுற்றும். மறு நுனியில் ஒரு சுருக்கு. அந்தச் சுருக்கில் அவளுடைய முன்துடுப்பு மாட்டிக்கொண்டது. இழுத்தாள், இறுகியது. மறுபடி இழுத்தாள், இன்னும் இறுகியது.

கடல் ஏறுகிறபோது காயல் தண்ணீர் கம்பத்தைச் சுற்றிச் சுழலும். அந்தச் சுழி அவளைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தது. கயிறு விறைத்து நின்றது. வளையம் வழுக்கிக்கொடுத்ததால் கயிறு கம்பத்தில் சுற்றிக்கொள்ளவும் இல்லை, குறையவும் இல்லை. கம்பத்திலிருந்து எப்போதும் ஒரே ஒரு கயிறு தூரம். அதற்கு அப்பால் போகவும் முடியாது, இப்பால் வரவும் முடியாது.

கடுக்கன் பார்த்தான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நண்டுக்குக் கைகால் கொஞ்சமா? அத்தனையும் ஓடவில்லை.

"அக்கா! என்னக்கா ஆச்சு?"

கரைக்குக் கிட்டே வரும்போது ஒரு வார்த்தை சொல்லுவாள். அதற்குள் சுழி இழுத்துக்கொண்டு போய்விடும். மறுபடி சுற்றி வரும்வரை அவன் காத்திருக்க வேண்டும். அப்படித் துண்டு துண்டாகத்தான் விஷயம் வந்து சேர்ந்தது. "மாட்டிக்கிட்டேம்ல," என்றாள் ஒரு சுற்றில். "கயித்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றாள் அடுத்த சுற்றில். "பயப்படாதல," என்றாள் அதற்கடுத்த சுற்றில். மாட்டிக்கொண்டவள் இவனுக்குத் தைரியம் சொன்னாள்.

ஒரு சுற்றுக்கு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் ஆயிற்று. அவளை விட்டுவிடாமல் அவளுக்கு நேராகவே கரையில் நடப்பது என்று கடுக்கன் முடிவு செய்தான். அவள் இடப்பக்கம் இருந்தால் இவனும் இடப்பக்கம், அவள் வலப்பக்கம் போனால் இவனும் வலப்பக்கம். அப்போதுதான் ஒரு விசித்திரத்தைக் கண்டான். நடுவில் வரும்போது அவளோடு ஈடுகொடுக்க ஓட்டமாக ஓட வேண்டியிருந்தது. இரண்டு ஓரத்திலும் நின்று நின்று ஊர்ந்தால் போதும். கடைக்கோடியில் ஒரு கணம் சும்மாவே நிற்கலாம்.

"ஏன்க்கா, ஓரத்துக்குப் போனதும் மெதுவாப் போறியே, கால் வலிக்கா?"

"நான் எங்கல மெதுவாப் போறேன்? சுழி ஒரே சீராத்தான் இழுக்கு," என்றாள் அவள். அடுத்த சுற்றில் மீதியைச் சொன்னாள். "ஓரத்துல நான் உன்னைப் பாத்து நேரா வருவேன், இல்லாட்டி உன்னை விட்டு நேராப் போவேன். அது உனக்கு நடையாத் தெரியாதுல்ல."

அது சரிதான். அதே நேரத்தில் மணல்திட்டில் நொடியனும் நடந்துகொண்டிருப்பதைக் கடுக்கன் கவனித்தான். திட்டின் நீளவாக்கில், கடலைப் பார்க்கப் போவதும் கரையைப் பார்க்க வருவதுமாக. கடுக்கன் ஓரத்தில் நிற்கும்போது அவன் ஓடினான். கடுக்கன் நடுவில் ஓடும்போது அவன் நின்றான். "பாரு, என்னைக் கேலி பண்றான்," என்று கடுக்கனுக்கு எரிச்சல் வந்தது. அவனும் ஓட்டாயிக்கு நேராகத்தான் நடக்கிறான் என்று அப்போது தோன்றவில்லை.

வெயில் ஏறும் நேரத்துக்குக் கடல்பக்கமிருந்து மூடுபனி வந்தது. வந்த வேகத்தில் கம்பத்தை மறைத்தது, மணல்திட்டை மறைத்தது, தன் கொடுக்கையே நீட்டினால் நுனி தெரியாதபடி கரையை மூடியது.  ஓட்டாயியின் மூச்சு மட்டும் கேட்டது. ஆமை தண்ணீருக்கு மேலே வந்து விடுகிற மூச்சுக்கு ஒரு புஸ்ஸென்ற சத்தம் உண்டு. அது எந்தத் திசையில் என்று தெரிந்தது. எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை. மூடுபனியில் எல்லாச் சத்தமும் காதுக்கடியில் கேட்பதுபோலத்தான் இருக்கும்.

"ஏல கடுக்கா, இருக்கியா?"

"இருக்கேன்க்கா!" இந்த முறை பொறுத்துச் சொல்லவில்லை.

"கயித்துல ஒரே ஒரு புரிதான் மிச்சம். ஒரு கடி கடிச்சா அந்துபோகும். நான் கடிக்காட்டியும் அதுவாவே அந்துபோகும் போலருக்கு. கேட்டுக்கோ. கரைப்பக்கம் வரும்போது அந்துபோனா நான் மணல்ல வந்து ஒதுங்கிருவேன். கடல்வாய்ப் பக்கம் அந்துபோனா என்னை இழுத்துட்டுப் போயிரும். துடுப்பு மரத்துப்போச்சு, எதிர்த்து நீந்த முடியாதுல. சுத்திச் சுத்தி எனக்கு எது கரை எது கடல்னு ஒண்ணும் புரியல. நீ பாத்துச் சொல்லு. 'இப்போ'ன்னு ஒரு சொல்லு. கடிச்சிருவேன்."

பாவி, அவனிடமா கேட்டாள்! ஆனால் வேறு யாரிடம் கேட்பாள்?

கடுக்கனுக்கு ஒரு கணக்குத் தெரியும். விடிந்ததிலிருந்து கண்ணால் பார்த்த கணக்கு. அவள் இடமிருந்து வலமாகப் போனால் கரைக்குக் கிட்டே போகிறாள். வலமிருந்து இடமாகப் போனால் அந்தப் பக்கம், கடல்வாயை ஒட்டிப் போகிறாள். ஒரு சுற்றுகூட இது தப்பியதில்லை. ஆக, இடமிருந்து வலமாக அவள் மூச்சைத் தொடர்ந்து நடந்து, சரியாக நடுவுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும்.

அவன் இடது ஓரத்தில் நின்றான். மூச்சு நகர்ந்தது. இவனும் நகர்ந்தான். ஊர்ந்தான், நடந்தான், ஓடினான். நடு வந்தது. சொல் தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை.

பயம். ஒருவேளை தப்பாக இருந்தால்? இன்னும் ஒரு சுற்று பார்த்துக்கொள்வோம், அடுத்த முறை உறுதியாகச் சொல்லலாம் என்று விட்டுவிட்டான். நல்ல நேரம் அதுதான். அவள் அப்போது அவனிடமிருந்து ஒரு தாவு தூரத்தில் இருந்தாள்.

மூச்சு வல ஓரத்துக்குப் போனது. அங்கே நின்றது, திரும்பியது, வலமிருந்து இடமாக வந்தது. இப்போது அந்தப் பக்கம் போகிறாள் என்று கடுக்கன் சொல்லிக்கொண்டான். அதுவும் சரியே. இட ஓரத்துக்கு வந்தாள். கடுக்கனும் வந்து நின்றான். இங்கே எப்போதும் ஒரு கணம் நிற்க வேண்டும் என்று அவனுக்குப் பழகியிருந்தது. இந்த முறை கொஞ்சம் கூடுதலாக நிற்கிறாளோ என்று தோன்றியது. பாவம், சோர்ந்துபோயிருப்பாள் என்று நினைத்தான்.

அந்தக் கணத்தில்தான் கடல் ஏறி முடித்து வற்றத் தொடங்கியது. வற்றும்போது காயலின் சுழி எதிர்ப்பக்கமாகத் திரும்பும். ஏற்றமும் வற்றமும் தெரியாத நண்டு உண்டா? கடுக்கனுக்கும் தெரியும். ஆனால் அதோடு சேர்ந்து சுழியும் திரும்பும் என்று அவனுக்குத் தெரியாது. கரையில் வளை தோண்டிக் குடியிருப்பவனுக்கு நடுத் தண்ணீர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க என்றைக்கு வேலை வந்தது?

ஓட்டாயி இட ஓரத்தில் நின்றாள். கரைப்பக்கமாக இறங்க வேண்டியவள், வந்த வழியே திரும்பிக் கடல்வாய்ப் பக்கமாகவே போகத் தொடங்கினாள். கரையில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓரம்வரை வந்தாள், நின்றாள், வலமாகப் போகிறாள். அப்படித்தானே எப்போதும் போனாள்?

திட்டில் இருந்தவனுக்கு அப்படி இல்லை. கரையைப் பார்த்து ஓடிவந்துகொண்டிருந்த நொடியன் பாதியில் நிற்க வேண்டியிருந்தது, திரும்பிக் கடலைப் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. பனிக்குள்ளிருந்து கத்தினான்.

"கடுக்கரே! ஓய் கடுக்கரே! சுழி திரும்பிருச்சு! அவ எட்டப் போறா வே, எட்டப் போறா! சொல்லிராதீரும்!"

தன்னோடு இதுவரை ஒரு வார்த்தை பேசாத குருவி, இன்றைக்குப் பார்த்துப் பேசுகிறது! கடுக்கன் அதைக் குருவியின் சூழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டான். ஆமை தட்டுக்கெட்டுத் தண்ணீரில் சுற்றவேண்டும், இவன் ஏமாந்து தண்ணீரோரம் போகவேண்டும், அப்புறம் பனி மறைவில் ஒரு கொத்து. சித்தப்பன் பிள்ளைகளும் இப்படித்தான் போயிருப்பார்கள்.

ஓட்டாயியின் குரல் வந்தது. "ஏல, குருவி என்னமோ சொல்லுதே?"

"அவன் பேச்சைக் கேக்காதக்கா! அவன் திங்கிறதுக்கு வழி பாக்கான். நான் இருக்கேம்லா. நான் சொல்லுதேன்."

"சரில."

ஊர்ந்தான், நடந்தான், ஓடினான். நடு வந்தது. பயந்து ஒரு தடவை விட்டது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இப்போ!"

கயிறு அறுந்த சத்தம் டப்பென்று கேட்டது. கடுக்கன் கொடுக்கை விரித்துக்கொண்டு தண்ணீரோரம் நின்றான், அவள் வந்து மோதுவாள் என்று. ஒரு சின்ன அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. வேறு ஒன்றும் வரவில்லை.

"கடுக்கா, மணல் எங்கல? காலுக்குத் தட்டலையே?"

குரல் அந்தப் பக்கமிருந்து வந்தது. வெகு தூரத்திலிருந்து.

"கடுக்கா! இருக்கியா?"

"இருக்கேன்! இருக்கேன்க்கா!" அவன் நேராகத் தண்ணீரில் பாய்ந்தான். அலை தூக்கி வெளியே போட்டது. மறுபடி பாய்ந்தான். மறுபடியும் போட்டது. நேராகப் போக வழியில்லை என்று ஆனதும் கரையோரமாகவே ஓடினான், அந்தக் குரலுக்கு நேராக, வலமாக, இடமாக, மறுபடி வலமாக. குரல் மெலிந்தது. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அலைச்சத்தம்தான்.

பனி விலகியபோது கம்பத்தில் வளையமும் அறுந்த கயிறும் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. காயலின் வாய்க்கு அப்பால் கடல் வெறுமனே கிடந்தது.

கடுக்கன் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பின்னால் சின்னக் காலடிகள் கேட்டன. நொடியன் வந்து நின்றான். அவ்வளவு கிட்டத்தில் அந்த அலகைக் கடுக்கன் பார்த்ததில்லை. வளைக்குள் ஓட வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

"கொத்தும் வே," என்றான். "கொத்திட்டுப் போம்."

நொடியன் கொத்தவில்லை. அலகைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் கத்தினேனே," என்றான்.

"கேட்டுச்சு. நம்பல."

 பிறகு நொடியன் மெதுவாகச் சொன்னான். "தெனமும் உம்ம வளையைத் தட்டிட்டு அப்புறம் திட்டுக்கு வருவா. 'ஏய்யா நொடியா, இருக்கியா'ன்னு கேப்பா. இருக்கேன்னு சொல்லுவேன். கூட்டம் விட்டுட்டுப் போனதுக்கப்புறம் என்னைக் கேட்டது அவ ஒருத்திதான்."

கடுக்கனுக்குச் சுருக்கென்றது. தனக்கு மட்டும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். இன்னொருவனும் இதே கரையில் விடியலுக்குக் காத்துக் கிடந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு திட்டின் நீளம்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எட்டிப் பார்த்துப் பேசியிருக்கலாம்.

"நான் எங்க தப்புப் பண்ணினேன்? எனக்குத் தெரியணும் வே," என்றான்.

நொடியன் எழுந்து ஈர மணலில் ஒரு சிப்பியை வைத்தான். "இது கம்பம். ஒரு கயிறுன்னா இவ்வளவுன்னு வச்சுக்குவோம். நீரு நடந்ததை நீரு சொல்லும், நான் நடந்ததை நான் சொல்லுதேன். உம்ம எடத்துலருந்து நேரா ஒரு கோடு, என் எடத்துலருந்து நேரா ஒரு கோடு. ரெண்டும் வெட்டுற எடத்துல அவ இருந்திருப்பா."

கடுக்கன் கொடுக்கால் கோடு இழுத்தான், நொடியன் விரலால் இழுத்தான். கடுக்கன் ஒரு கயிறு முழுசாக வலப்பக்கம் போனபோது நொடியன் கம்பத்துக்கு நேரே, எட்டவும் இல்லை, கிட்டவும் இல்லை. நொடியன் ஒரு கயிறு முழுசாகக் கடல்பக்கம் போனபோது கடுக்கன் நடுவில். கடுக்கன் அரைக் கயிற்றில் நின்றபோது நொடியன் முக்காலே அரைக்கால் கயிற்றில் இருந்திருக்கிறான், அதிலும் ஒரு மயிரிழை குறைய.

"ரெண்டு பேரும் ஒரே அளவுல நின்ன நேரம்?" என்று கேட்டான் கடுக்கன். "அப்ப ஆளுக்கு அரைக் கயிறா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இல்ல. ஆளுக்கு முக்காலுக்கு ஒரு மா குறைச்சல்." மா என்பது அந்தக் காலத்துக் கணக்கில் இருபதில் ஒரு பங்கு, அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு.

புள்ளிகள் சேரச் சேர மணலில் ஒரு வட்டம் தெரிந்தது. எந்தப் புள்ளியை எடுத்தாலும் சிப்பியிலிருந்து சரியாக ஒரு கயிறு தூரம். கடுக்கனிடம் குறைந்ததெல்லாம் நொடியனிடம் இருந்தது. நொடியனிடம் குறைந்ததெல்லாம் கடுக்கனிடம் இருந்தது. காலையெல்லாம் கேலி என்று நினைத்த நடை, தன் நடையின் மறுபாதிதான் என்று கடுக்கன் கண்டான்.

பிறகு தன் காலடிகளைப் பார்த்தான். ஒவ்வொரு காலடிக்கும் நேராக வட்டத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன. ஒன்று கரைப்பக்கம், ஒன்று கடல்பக்கம். இரண்டு கோடியில் மட்டும்தான் ஒற்றைப் புள்ளி.

"என் ஒரு காலடிக்கு ரெண்டு எடம் இருக்கே," என்றான். 

"எனக்கும் அப்படித்தான் வே. எட்டவா கிட்டவான்னு எனக்குத் தெரியும். இடமா வலமான்னு தெரியாது."

கடுக்கன் நடுக்காலடிக்கு நேரே கொடுக்கை நகர்த்திக்கொண்டு போனான். கரையோரப் புள்ளியைத் தொட்டான். தாண்டினான். சிப்பியைத் தாண்டினான். கடல்வாயை ஒட்டியிருந்த புள்ளியில் கொடுக்கு நின்றது. இங்கேதான் இருந்தாள். இங்கே அவள் இருந்தபோதுதான் 'இப்போ' என்று சொன்னான். வட்டம் முழுவதிலும் கரையிலிருந்து அதைவிடத் தூரமான புள்ளி இல்லை.

அவன் அழுதான். நண்டுக்குக் கண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள், வந்தது. அலை வந்து வட்டத்தை அழித்தது. சிப்பியையும் கொண்டுபோய்விட்டது.

ஓட்டாயி சாகவில்லை. கடல் இழுத்த இழுப்புக்குப் போய், துடுப்பில் உயிர் வந்த பிறகு நீந்தினாள். ஆனால் எந்தக் கரை தன் கரை என்று அவளுக்குத் தெரியவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஏதோ ஒரு மணலில் ஏறி முட்டையிட்டு மூடுகிறாள். மூடிய பிறகும் உடனே போவதில்லை. துடுப்பால் மணலைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள். ஆமை முட்டைக் குழியை இறுக்குகிறது என்று பார்த்தவர்கள் சொல்லுவார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பதில் வராததால் கடலுக்குத் திரும்பிவிடுகிறாள்.

கரையில் இருந்த இருவரும் அன்றைக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவள் எந்த மூடுபனியில் திரும்பி வந்தாலும் இந்த முறை தப்பக்கூடாது. இடமா வலமா என்பதைக் கடுக்கன் பார்த்துக்கொள்வது, எட்டவா கிட்டவா என்பதை நொடியன் பார்த்துக்கொள்வது. ஒருவன் வேலையில் மற்றவன் நுழையக்கூடாது. ஒருவனைக் கேட்காமல் மற்றவன் வாய் திறக்கக்கூடாது. கடுக்கன் இதற்கு மேலேயும் போனான். இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தான். நொடியனுக்குச் சேதி சொல்லக் கொடுக்கைத் தூக்கிக் காட்டினான். கிட்டே வராதே என்று இருந்த அர்த்தம் அப்போது மாறிவிட்டது, அது பக்கத்து வளைக்காரர்களுக்குத்தான் இன்னும் தெரியாது. கடலைப் பார்த்துப் பார்த்து அவன் கண்கள் முகத்தை விட்டு எழும்பிக் குச்சிமேல் ஏறிக்கொண்டன.

அந்தக் காலையிலிருந்துதான் நண்டு கரையோரமாகப் பக்கவாட்டில் மட்டும் நடக்கிறது. உள்ளான் அலையோடு ஓடிவந்து அலையோடு ஓடிப்போகிறது. நாம் கடற்கரையில் நடந்தால், நம் காலடி மணலில் தட்டுகிற சத்தத்துக்கு நண்டு வளையை விட்டு வெளியே வந்து பார்க்கும். அவள் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி உள்ளே போய்விடும். அதற்குள் பழைய பதில் அதன் வாய்வரை வந்திருக்கும். அது சொல்லாது. வாயோரம் நுரை மட்டும் நிற்கும்.